கல்லூரி வளாகத்தில் பாலியல் வன்முறை: இடமும் விதியும் நிர்வாகமும் செய்யும் வேலை

"தப்பு செய்கிறவன் ஒரு தனி ஆள். அவனைப் பிடித்துத் தண்டித்தால் முடிந்தது. இதில் நிர்வாகம், ஹாஸ்டல், கட்டடம் என்று எல்லாவற்றையும் எதற்கு இழுக்கிறார்கள்?" இதுதான் கேள்வி. நியாயமான சந்தேகம். செய்தவனுடைய பொறுப்பு இந்தப் பேச்சால் கடுகளவும் குறையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் தனி ஆளை மட்டும் பார்த்தால் விளங்காத ஒரு விஷயம் இருக்கிறது. இடத்துக்கு இடம் அளவு மாறுகிறது.

இந்தத் துறையில் பெரும்பாலான கணக்கெடுப்பு அமெரிக்காவில் நடந்தது என்பதால் உதாரணங்களும் அங்கிருந்தே வரும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு 2015-இல் 27 பல்கலைக்கழகங்களிலும், 2019-இல் 33 இடங்களிலும் மாணவர்களிடம் நேரடியாகக் கேட்டது. பலவந்தமாகவோ, போதையிலோ மயக்கத்திலோ மறுக்க முடியாத நிலையிலோ பாலியல் தொடுகைக்கு ஆளானதாகச் சொன்ன இளநிலை மாணவிகள் 2019-இல் 25.9 சதவீதம். என் கண்ணில் பட்டது அந்தச் சராசரி அல்ல. 2015 கணக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் 13 சதவீதம், இன்னொன்றில் 30 சதவீதம் என்று இருந்த இடைவெளி. கேட்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவர்தான் பதில் அனுப்பினார்கள், அதனால் தசமப் புள்ளி வரை நம்ப வேண்டியதில்லை. இருந்தாலும் ஒரே கேள்வித்தாளை வைத்துக் கேட்டு இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால், அந்த இடங்களில் என்ன வேறுபடுகிறது என்று பார்க்காமல் விட முடியாது.

'நாலைந்து பொறுக்கிகள் இருக்கிறார்கள், திரும்பத் திரும்ப அவர்களே செய்கிறார்கள்' என்ற எண்ணத்துக்கும் ஓர் ஆய்வு அடிப்படை உண்டு. டேவிட் லிசாக்கும் பால் மில்லரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் 1,882 ஆண்களிடம் கேட்டு, வன்புணர்ச்சி என்ற வரையறைக்குள் வரும் செயலைச் செய்ததாக ஒப்புக்கொண்ட 120 பேரில் 76 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை செய்தவர்கள் என்று கண்டார்கள். பல வருடங்கள் இதை வைத்துத்தான் கொள்கைகள் எழுதப்பட்டன. அப்புறம் 2015-இல் கெவின் ஸ்வார்ட்அவுட் குழு, மாணவர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த தரவை ஆராய்ந்தபோது படம் மாறியது. படிப்பின் எல்லா வருடங்களிலும் தொடர்ந்து செய்துகொண்டே இருந்தவர்கள் சிறு பகுதிதான். பெரும்பாலானவர்கள் ஒரு காலகட்டத்தில் செய்தார்கள், மற்ற காலத்தில் செய்யவில்லை. அப்படியென்றால் அந்தக் காலகட்டத்தில் அவர்களைச் சுற்றி என்ன இருந்தது என்பது முக்கியமாகிவிடுகிறது.

சரி, சுற்றி என்னதான் இருக்கிறது? இதற்கு நான் படித்ததிலேயே தெளிவான விளக்கம், எலிசபெத் ஆம்ஸ்ட்ராங், லாரா ஹாமில்டன், பிரையன் ஸ்வீனி என்ற மூன்று சமூகவியலாளர்கள் 2006-இல் எழுதிய கட்டுரை. ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில், முதலாமாண்டு மாணவிகள் தங்கியிருந்த ஹாஸ்டல் மாடி ஒன்றில் ஆய்வாளர்கள் அறை எடுத்து ஒரு வருடம் முழுக்கக் கவனித்தார்கள். அவர்கள் கண்டது ஒரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் தனியாகப் பார்த்தால் நல்ல நோக்கத்தோடு போட்ட விதிதான்.

முதல் கண்ணி நாடாளுமன்றத்தில் இருக்கிறது. 21 வயதுக்குக் கீழே மது விற்கும் மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு என்று 1984-இல் அமெரிக்கா சட்டம் போட்டது. சில வருடங்களில் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்தன. சாலை விபத்தைக் குறைக்கத்தான் அந்தச் சட்டம். விளைவாக, 18 வயதில் கல்லூரிக்கு வருகிறவர்கள் வெளியே பாருக்குப் போக முடியாது. இரண்டாவது, ஹாஸ்டல் விதி. அறையில் பாட்டில் பிடிபட்டால் நடவடிக்கை, ராத்திரி சத்தம் கூடாது, பொதுக்கூடத்தில் கூட்டம் கூடாது. ஆக ஹாஸ்டலில் பொழுது போகாது. மூன்றாவது, சொரோரிட்டி என்ற மாணவியர் சங்கங்கள் தங்கள் வீட்டில் மதுவோடு விருந்து வைக்கக் கூடாது என்று அவற்றின் தேசிய அமைப்புகளே தடை போட்டிருக்கின்றன. ஃப்ரட்டர்னிட்டி என்ற ஆண்கள் சங்கங்களுக்கு நடைமுறையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவற்றுக்குச் சொந்தமாகப் பெரிய வீடு, மாடியில் தனி அறைகள், செலவழிக்கப் பணம் எல்லாம் உண்டு.

இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஊருக்குப் புதிதாக வந்த 18 வயதுப் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி நாலு பேரைப் பழக்கம் பிடிக்க மிச்சம் இருப்பது, ஆண்கள் நடத்தும் வீடு ஒன்றுதான். அங்கே யாரை உள்ளே விடுவது, என்ன உடை போட்டு வரச் சொல்வது, என்ன பானம் ஊற்றுவது, அதில் எவ்வளவு சாராயம் கலப்பது, எந்த அறைக் கதவு திறந்திருப்பது, எல்லாம் வீட்டுக்காரர்கள் முடிவு. ஹாஸ்டல் வாசலில் கார் வந்து நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போவதையும் அந்த ஆய்வு பதிவு செய்கிறது. போகும்போது கார் உண்டு. திரும்பி வரும்போது அதே கார் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. போதையேறிய பெண், புரியாத தெரு, நேரம் நள்ளிரவு தாண்டிவிட்டது. கூட வந்தவர்கள் முன்பே கிளம்பிவிட்டால் மாடியில் 'கொஞ்ச நேரம் படுத்திரு' என்று சொல்கிறவனை நம்புவதைத் தவிர வேறு வழி குறைவு. விருந்தாளி என்பதால் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும், சண்டை போட்டுக் காட்சி ஆக்கக் கூடாது என்ற கூச்சம் வேறு. அந்த வீட்டில் அப்படி ஒருவன்தான் இருக்கிறான் என்றாலும், இத்தனை ஏற்பாடும் அவனுக்குக் கைகொடுக்கிறது.

இதில் மதுதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. வளாகங்களில் நடக்கும் தாக்குதல்களில் ஏறக்குறைய பாதியில் மது சம்பந்தப்பட்டிருக்கிறது என்பது உண்மை. ஆனால் அதே மாணவி, வீடு பக்கத்தில், தோழிகள் பக்கத்தில், தான் ஊற்றியதைத் தானே குடிக்கும்போது ஆபத்து வேறு அளவில் இருக்கிறது. யார் ஊற்றுகிறார்கள், யாருடைய வீடு, திரும்பும் வழி யார் கையில் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

விருந்தின் பங்கை எண்ணில் காட்டிய ஆய்வும் இருக்கிறது. அங்கே கல்லூரி ஃபுட்பால் ஆட்ட நாள் என்றால் விருந்தும் குடியும் கூடும். ஜேசன் லிண்டோ, பீட்டர் சிமின்ஸ்கி, ஐசக் ஸ்வென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள், முதல்நிலைக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டங்கள் நடக்கும் நாட்களையும் நடக்காத நாட்களையும் போலீஸ் பதிவுகளோடு ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்டார்கள். ஆட்ட நாளில், 17 முதல் 24 வயதுள்ளவர்கள் வன்புணர்ச்சிக்கு ஆளானதாகப் பதிவான புகார்கள் 28 சதவீதம் கூடின. சொந்த ஊரில் ஆட்டம் என்றால் 41 சதவீதம், வெளியூரில் என்றால் 15. மாணவர்களின் குணம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மாறாது. நாட்காட்டி மாறுகிறது. ஆட்ட அட்டவணையை மாதங்களுக்கு முன்பே அச்சடிக்கும் நிர்வாகத்துக்கு, எந்த ராத்திரி எத்தனை ஊழியர்களை வெளியே நிறுத்த வேண்டும் என்பதும் முன்கூட்டியே தெரியும்.

இதேபோல் கல்வியாண்டின் முதல் சில வாரங்களை 'சிவப்பு மண்டலம்' என்று அங்கே சொல்கிறார்கள். முதலாமாண்டு மாணவிகளுக்கு அதிக ஆபத்து அந்த வாரங்களில்தான் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. நட்பு வட்டம் இன்னும் உருவாகவில்லை, எந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று காதோடு சொல்லிவைக்க சீனியர் யாரும் கிடைக்கவில்லை, வீட்டை விட்டு வந்த புதிது. புதியவர்களுக்கான வகுப்பை மூன்றாவது மாதத்தில் வைக்கும் கல்லூரி, தீயணைப்பு வண்டியை மறுநாள் காலை அனுப்புவது போலத்தான்.

அடுத்தது அறை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் ஹிர்ஷ், கிளாட் மெலின்ஸ் தலைமையில் நடந்த பெரிய ஆய்வு இதைக் கிட்டப்போய்ப் பார்த்தது. 1,671 மாணவர்கள் பதில் சொன்ன கணக்கெடுப்போடு, மாணவர்களோடு பழகிப் பேசியும் தகவல் திரட்டினார்கள். ஒரு சாதாரண ஹாஸ்டல் அறையை நினைத்துப் பாருங்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, துணி குவிந்து கிடக்கும் ஒரு நாற்காலி. ராத்திரி பதினொரு மணிக்கு இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்றால் உட்கார கட்டிலைத் தவிர இடம் இல்லை. உணவகம் மூடிவிட்டது, நூலகத்தில் பேசக் கூடாது. பேசத்தான் வந்தாள் அவள். கட்டிலில் உட்கார்ந்ததையே சம்மதமாக எடுத்துக்கொண்டான் அவன். தனி அறையும் வசதியான இடமும் சீனியர்களுக்குத்தான் ஒதுக்கப்படுகின்றன, ஆகவே எங்கே சந்திப்பது என்பதிலும் அவர்கள் கைதான் ஓங்கியிருக்கும். ராத்திரியிலும் திறந்திருக்கும், உட்கார்ந்து சாப்பிடவும் பேசவும் முடிகிற பொது இடங்கள் வேண்டும் என்று இந்த ஆய்வாளர்கள் சொன்னது சிலருக்குச் சிரிப்பாக இருந்திருக்கலாம். கொள்கை ஆவணம் இருபது பக்கம் எழுதுவதைவிட இது உருப்படியான யோசனை என்பேன்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அன்றாடத் தேவைக்கே பணம் இல்லாமல் தடுமாறும் மாணவர்களுக்கு ஆபத்து கூடுதல். வாடகைக்கு இன்னொருவரை நம்பி இருப்பவர், டாக்ஸிக்குக் காசு இல்லாதவர், அறையை மாற்றக் கட்டணம் கட்ட முடியாதவர், பிடிக்காத சூழலிலிருந்து எழுந்து போவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. ஆண் மாணவர்களில் எட்டில் ஒருவரும் பாதிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். அவர்கள் புகார் கொடுப்பது இன்னும் அரிது. திருநர் மாணவர்கள், பாலினச் சிறுபான்மையினர் நிலை பல கணக்கெடுப்புகளிலும் மோசமாகத்தான் வருகிறது.

கேமராவும் விளக்கும் அவசர அழைப்புக் கம்பமும் வைத்தால் சரியாகிவிடாதா? புதரிலிருந்து பாய்கிறவனுக்கு அது உதவும். ஆனால் 2000-ஆம் ஆண்டு வெளியான போனி ஃபிஷர் குழுவின் தேசிய ஆய்வில் பாதிக்கப்பட்ட மாணவிகளில் பத்தில் ஒன்பது பேருக்குச் செய்தவன் தெரிந்தவன். வகுப்புத் தோழன், நண்பன், காதலன், முன்னாள் காதலன். அவன் அறைக்கு வெளியே எரியும் விளக்கு எதையும் தடுக்காது. விளக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. புகைப்படம் எடுத்துப் பெற்றோருக்குக் காட்ட வசதியானது என்பதால் காசு முதலில் அங்கே போய்விடுகிறது, அதைத்தான் சொல்கிறேன்.

இனி நிர்வாகத்துக்கு வருவோம், கேள்வியின் கனமான பகுதி இதுதான். 1986-இல் லீஹை பல்கலைக்கழகத்தில் ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி ஹாஸ்டல் அறையிலேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொலை செய்யப்பட்டார். தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய கதவுகளை மாணவர்கள் முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். கொலையாளி அதே பல்கலைக்கழக மாணவன், அந்தக் கதவுகள் வழியாகத்தான் உள்ளே வந்தான். பெற்றோர் விடாமல் போராடியதில் 1990-இல் கிளெரி சட்டம் வந்தது. ஒவ்வொரு கல்லூரியும் தன் வளாகக் குற்றக் கணக்கை வருடா வருடம் வெளியிட வேண்டும்.

நோக்கம் நல்லது. நடந்தது என்ன? அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம் 2015-ஆம் ஆண்டுக் கணக்குகளை அலசியபோது, 89 சதவீத வளாகங்கள் வன்புணர்ச்சி 'பூஜ்யம்' என்று எழுதியிருந்தன. மாணவிகளிடம் நேரடியாகக் கேட்ட கணக்கை மேலே பார்த்தோம். இந்த இரண்டும் ஒரே உலகத்தைப் பற்றியவையாக இருக்க முடியாது. கோரி ரேபர்ன் யங் என்ற சட்டப் பேராசிரியர் 2015-இல் இன்னும் ஒரு படி போனார். கல்வித் துறை தணிக்கைக்கு வந்த காலத்தில் அந்தப் பல்கலைக்கழகங்கள் காட்டிய எண்ணிக்கை ஏறக்குறைய 44 சதவீதம் ஏறியது. தணிக்கை அதிகாரிகள் போனதும் பழையபடி இறங்கிவிட்டது. குற்றம் தணிக்கையைப் பார்த்து ஏறி இறங்காது.

மறைப்பதில் லாபம் இருக்கிறது என்பதுதான் இதன் அடி. உண்மையாக எண்ணி 30 என்று எழுதும் கல்லூரி செய்தியில் அடிபடும், சேர்க்கை குறையும் என்ற பயம். எண்ணாமல் பூஜ்யம் என்று எழுதும் கல்லூரி பாதுகாப்பானதாகத் தோன்றும். புகாரை விசாரிக்கும் ஆபீசும் பல்கலைக்கழகத்தின் பெயரைக் காக்கும் வக்கீலும் ஒரே துணைவேந்தருக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள். யாரும் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆளாளுக்குத் தன் வேலையைச் செய்தாலே புகார் அமுங்கிவிடும்.

மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் லாரி நாசர் விவகாரம் இதைக் கையில் எடுத்துக் காட்டியது போல இருக்கும். சிகிச்சை என்ற பெயரில் வீராங்கனைகளிடம் பாலியல் வன்முறை செய்த விளையாட்டு மருத்துவர் அவர். 1997-லேயே ஒரு பயிற்சியாளரிடம் சொன்னோம் என்று பாதிக்கப்பட்டவர்கள் பின்னால் கூறினார்கள். 2014-இல் முறைப்படி ஒரு புகார் வந்தது, விசாரணையும் நடந்தது. அவர் செய்தது மருத்துவச் சிகிச்சைதானா என்று கருத்துச் சொல்லக் கூப்பிடப்பட்ட நிபுணர்கள் யார் தெரியுமா? அதே பல்கலைக்கழகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள். முறையான சிகிச்சைதான் என்று முடிவாகி, அவர் மீண்டும் வேலைக்குப் போனார். 2016-இல் பத்திரிகையில் வெளிவந்த பிறகுதான் நீக்கம். 2018-இல் பாதிக்கப்பட்ட 332 பேருக்காகப் பல்கலைக்கழகம் 50 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது, 2019-இல் கல்வித் துறை 45 லட்சம் டாலர் அபராதம் போட்டது. விதிமுறை இருந்தது, ஆபீஸ் இருந்தது, விசாரணையும் நடந்தது. யாரைக் கேட்பது என்ற ஒரே இடத்தில் எல்லாம் கவிழ்ந்தது.

உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரெய்ட் இதற்கு 'நிறுவனத் துரோகம்' என்று பெயர் வைத்தார். அவரும் கார்லி ஸ்மித்தும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், விரும்பாத பாலியல் அனுபவத்துக்கு ஆளான மாணவிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் தங்கள் நிறுவனமும் ஏதோ ஒரு வகையில் கைவிட்டது என்றார்கள். புகாரைக் கடினமாக்கியது, மூடி மறைத்தது, நடக்கவிடும் சூழலை வைத்திருந்தது, இப்படி. அப்படிக் கைவிடப்பட்டவர்களுக்குப் பதற்றமும் மனக்காயமும் கூடுதலாக இருந்தன. கிட்டத்தில் பார்த்தால் அது இப்படி இருக்கும்: நடந்ததை நாலு மேசையில் நாலு தடவை சொல்ல வேண்டும். 'நீயும் குடித்திருந்தாய் அல்லவா' என்று ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் முதலில் அவளுக்கே வரும். விசாரணை முடியும்வரை ஒரே ஆய்வகத்தில் அவனோடு உட்கார வேண்டும், மாற்றிக்கொள்ள வேண்டும் என்றால் மாறுவது அவள்தான். செமஸ்டர் முடிந்து அவன் பட்டம் வாங்கிப் போய்விட்டால் கோப்பு மூடப்படும். இவ்வளவையும் பார்த்த அவளுடைய தோழி நாளைக்குப் புகார் கொடுப்பாளா?

ஆராய்ச்சி மாணவர்கள் கதை தனி, சுருக்கமாகச் சொல்கிறேன். அவர்களுக்கு ஆபத்து விருந்து வீட்டில் குறைவு, வழிகாட்டியின் அறையிலும் களப்பணியிலும் அதிகம். உதவித்தொகை, ஆய்வேடு, பரிந்துரைக் கடிதம், அடுத்த வேலை எல்லாம் ஒரே ஆளின் கையெழுத்தில் தொங்குகின்றன. கேட் கிளான்சி குழு 2014-இல் களப்பணி செய்யும் 666 அறிவியலாளர்களிடம் கேட்டதில், 64 சதவீதம் பேர் பாலியல் சீண்டலையும், ஐந்தில் ஒருவருக்கு மேல் பாலியல் தாக்குதலையும் சந்தித்திருந்தார்கள். அங்கே யாரிடம் புகார் சொல்வது என்று தெரிந்தவர்கள் மிகச் சிலர். அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமிகள் 2018-இல் வெளியிட்ட அறிக்கை, சீண்டல் நடக்குமா நடக்காதா என்பதை முன்கூட்டிச் சொல்ல மிக வலுவான அளவுகோல் அந்த நிறுவனத்தின் சூழல்தான் என்றது. புகார் சொன்னால் கேட்பார்கள், சொன்னவருக்குக் கெடுதல் வராது, செய்தவருக்கு விளைவு உண்டு என்று அங்கிருப்பவர்கள் நம்புகிறார்களா என்பதே அந்தச் சூழல்.

சட்டம் ஏன் சரிசெய்யவில்லை என்றால், அது நிலையாக நிற்பதே இல்லை. கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிற 1972-இன் 'டைட்டில் 9' சட்டத்தின் கீழ் 2011-இல் ஒரு வழிகாட்டுதல் வந்தது, 2017-இல் திரும்பப் பெறப்பட்டது, 2020-இல் நேரடிக் குறுக்கு விசாரணையோடு புதிய விதி, 2024-இல் வேறு விதி, 2025 ஜனவரியில் நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் மறுபடி 2020 விதி. ஒரு மாணவி சேர்ந்து பட்டம் வாங்குவதற்குள் புகார் நடைமுறை இரண்டு முறை மாறிவிடுகிறது.

எது பலன் தருகிறது? சேர்க்கை நாளில் போடும் ஒரு மணி நேர வீடியோவில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆபத்தை அடையாளம் கண்டு எதிர்க்க மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி ஒன்றைக் கனடாவில் சார்லின் சென் நடத்தினார். அது 2015-இல் நல்ல முடிவைக் காட்டியது. பயிற்சி பெற்ற முதலாமாண்டு மாணவிகளில் ஒரு வருடத்துக்குள் வன்புணர்ச்சிக்கு ஆளானவர்கள் 5.2 சதவீதம், பெறாதவர்களில் 9.8. பெரிய வித்தியாசம், வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் சுமை முழுவதும் பெண்கள் தோளில் என்பது உறுத்துகிறது. எனக்கு அதிகம் பிடித்தது கல்லூரியில் நடந்ததே அல்ல. நியூயார்க் நகரின் 30 நடுநிலைப் பள்ளிகளில் நேன் ஸ்டைன், புரூஸ் டெய்லர் என்ற ஆய்வாளர்கள் செய்து பார்த்த முறை. மாணவர்கள் கையில் பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, பயமாக இருக்கும் இடங்களுக்கு ஒரு நிறம், நிம்மதியாக இருக்கும் இடங்களுக்கு ஒரு நிறம் அடிக்கச் சொன்னார்கள். சிவப்பாக வந்த மாடிப்படி, தாழ்வாரம் பக்கமாக ஆசிரியர்களை நிறுத்தினார்கள். வகுப்புப் பாடம் மட்டும் நடத்திய பள்ளிகளில் மாற்றம் இல்லை, கட்டடத்தில் கைவைத்த பள்ளிகளில் பாலியல் வன்முறை குறைந்தது. கல்லூரி மாணவர்களிடம் இதே வரைபடத்தைக் கொடுத்தால் எந்த வீடு, எந்த மாடி, எந்தப் பேராசிரியர் அறை சிவப்பாகும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நிர்வாகம் கேட்பதில்லை.

ஆகவே ஒரு கல்லூரியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் கேமரா எத்தனை என்று விசாரிக்காதீர்கள். புகாரை விசாரிப்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர், வெளியிலிருந்து உறுப்பினர் இருக்கிறாரா? குடித்திருந்த மாணவி புகார் சொன்னால் அவள் மேல் நடவடிக்கை கிடையாது என்று எழுத்தில் இருக்கிறதா? விசாரணைக் காலத்தில் வகுப்போ அறையோ மாற வேண்டியது யார்? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹாஸ்டலுக்குத் திரும்ப வண்டி உண்டா, அது யார் நடத்துவது? மாணவர்களிடம் பெயர் கேட்காத கணக்கெடுப்பு கடைசியாக எப்போது நடந்தது, முடிவை வெளியிட்டார்களா? 'எங்கள் வளாகத்தில் இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை' என்று பெருமையாகப் பதில் வந்தால், புகார் கொடுக்கும் அறை எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.